நோயின் பெயர் நிர்வாகத்துக்கு எதற்கு?

"கம்பனி தன் செலவில் காப்புறுதி போட்டுத் தருகிறது. அதற்கு நாலு விவரம் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" ஹேவாஹெட்டப் பக்கம் இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகிவிட்டது. தோட்டத்தில் பேர் போட்டுப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பல்லேகலைத் தொழிற்பேட்டைக்கும், கண்டி நகரக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும், கொழும்புக் கம்பனிகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மருத்துவக் காப்புறுதிப் படிவம் கைக்கு வருகிறது. தாய் தகப்பன் அதைப் பெருமையோடு பார்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் தங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படிவம் யார் மேசைக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

படிவத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்கள் நான்கு. காப்புறுதிக்கு விவரம் கட்டாயம் தேவை என்பது ஒன்று. தொழிலாளியே சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார் என்பது இன்னொன்று. மறைக்க ஒன்றுமில்லாதவருக்குப் பயம் எதற்கு என்பது மூன்றாவது. எல்லாம் தொழிலாளியின் நன்மைக்குத்தான் என்பது நான்காவது. நான்கும் தவறு என்றே சொல்கிறேன். சம்பளம் போடுகிறவர், வேலை பிரித்துக் கொடுக்கிறவர், வேலையிலிருந்து நிறுத்தக் கூடியவர் யாரோ, அவர் கையில் தொழிலாளியின் நோய்க்குறிப்பு இருக்கக் கூடாது. காப்புறுதி நடப்பதற்கு அது அங்கே இருக்கத் தேவையும் இல்லை.

முதலில் படிவத்தையே விரித்துப் பார்ப்போம். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, திருமணமானவரா என்பதோடு முதல் பகுதி முடியும். அடுத்த பகுதியில்தான் விடயம் இருக்கிறது. சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, இருதய நோய், ஆஸ்துமா, காசநோய், வலிப்பு, மனநோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆம்", "இல்லை" என்று கட்டங்கள். சத்திரசிகிச்சை நடந்திருக்கிறதா? இப்போது ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? பெண் என்றால் கர்ப்பமா? தாய் தகப்பனுக்கு என்ன நோய்? இத்தனைக்கும் பதில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை எச்.ஆர். மேசையில் கொடுக்க வேண்டும்.

அதோடு முடிவதில்லை. வருத்தம் வந்து மருந்தெடுத்தால் கிளெய்ம் போட வேண்டும். வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு, பார்மசி பில், ரத்தப் பரிசோதனை அறிக்கை, வைத்தியசாலையில் தங்கியிருந்தால் டயக்னோசிஸ் கார்ட், எல்லாவற்றையும் இணைத்து மறுபடியும் அதே மேசையில் கொடுக்க வேண்டும். அங்கிருக்கும் கிளாக் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்து, கணினியில் பதிந்து, காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்புகிறார். கரு கலைந்த ஒரு பிள்ளையின் டயக்னோசிஸ் கார்டும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் ஒரு தம்பியின் மருந்துத் துண்டும் அந்த மேசையைத் தாண்டாமல் பணமாக மாறாது. அந்தக் கிளாக் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய மேலதிகாரிதான் அடுத்த மாதம் யாருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, யாரை லீடராக உயர்த்துவது, ஆட்குறைப்பு வந்தால் யாரை முதலில் அனுப்புவது என்று முடிவு செய்கிறவர். நோய்க் கோப்பும் வேலைக் கோப்பும் ஒரே அலுமாரியில் இருக்கின்றன.

காப்புறுதிக்கு விவரம் தேவை என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். யாருக்குத் தேவை என்று பிரித்துப் பார்த்தால் வாதத்தில் பாதி விழுந்துவிடும். வேலைத்தலத்தில் பெரும்பாலும் போடுவது குழுக் காப்புறுதி. பெரிய குழு ஒன்றுக்கு விலை பேசும்போது காப்புறுதிக் கம்பனி பார்ப்பது எத்தனை பேர், என்னென்ன வயது, எத்தனை பெண்கள், என்ன வகை வேலை, ஒருவருக்கு எவ்வளவு தொகை வரை காப்பு, போன வருடம் மொத்தமாக எவ்வளவு கிளெய்ம் போனது என்பவற்றைத்தான். இவற்றில் ஒன்றுகூடத் தனி மனிதரின் நோய் அல்ல. முனியம்மாவுக்குச் சீனி, ராஜுவுக்கு ஆஸ்துமா என்று தெரியாமலே தவணைக் கட்டணத்தைக் கணக்குப் போடலாம். சுகமாக இருப்பவரின் பணம் சுகமில்லாதவருக்குப் போவதற்காகத்தான் குழுவாகச் சேர்கிறோம். சுகமில்லாதவரை ஆள் ஆளாகப் பொறுக்கி எடுத்தால் குழு என்ற ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லாமல் போகும்.

இதைப் புரிந்துகொள்ளக் காப்புறுதிப் பாடம் படிக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சந்தா வாங்குகிறார்கள். சாவு விழுந்த வீட்டுக்குப் பணமும் பந்தலும் போகின்றன. உன் நெஞ்சில் என்ன வருத்தம் என்று எந்தத் தலைவரும் எந்த உறுப்பினரையும் கேட்டதில்லை. சங்கம் நொடித்துப் போகவுமில்லை.

பெரிய அளவிலும் இது நடக்கிறது. பாடசாலை மாணவர்களுக்காக 2017இல் இலங்கை அரசு தொடங்கிய சுரக்ஷா காப்புறுதி, நோயுள்ள பிள்ளை, நோயில்லாத பிள்ளை என்று பிரிக்காமல் மாணவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு. அக்கரையில் இன்னும் பழைய முன்மாதிரி இருக்கிறது. இந்தியாவின் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம், நம்மவர்கள் சுருக்கமாக ஈ.எஸ்.ஐ. என்று கேள்விப்பட்டிருப்பது, 1948இல் வந்தது. திட்டம் 1952 பெப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, பிறகு கோயம்புத்தூர் போன்ற ஆலை நகரங்களுக்கும் வந்தது. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 வீதமும், முதலாளி பங்காக 3.25 வீதமும் கட்டப்படுகின்றன. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது. மருந்து தருவது ஈ.எஸ்.ஐ. மருந்தகமும் வைத்தியசாலையும், சுகவீனக் கொடுப்பனவு தருவது ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். முதலாளியின் வேலை பங்குப் பணத்தைக் கட்டுவது. சுகவீனக் கொடுப்பனவு வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. ஈ.எஸ்.ஐ. வைத்தியசாலைகளின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் காப்புறுதிப் பணத்தையும் நோய்க் குறிப்பையும் முதலாளியிடமிருந்து தள்ளி வைத்துக் கோடிக்கணக்கான பேருக்குக் காப்புறுதி நடத்த முடியும் என்பதை அது 70 ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டி வருகிறது.

சிறிய கம்பனிகளில் ஆள் குறைவு; ஆளுக்கு ஆள் உடல்நிலை கேட்காமல் காப்புறுதிக் கம்பனி பொறுப்பேற்காது என்பார்கள். இருக்கட்டும். அப்போதும் அந்தப் பதில் போக வேண்டிய இடம் காப்புறுதிக் கம்பனி. தொழிலாளி தானே உறையில் போட்டு ஒட்டி அனுப்பலாம். கைத்தொலைபேசியில் நேரடியாகப் பதியலாம். பில்லைப் படம் பிடித்து அனுப்பிக் கிளெய்ம் போடும் வசதி வந்த காலத்தில், எல்லாத் தாளும் நிர்வாகத்தின் மேசை வழியாகத்தான் போக வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பொய்க் கிளெய்மைப் பிடிக்க வேண்டும் என்றால் அதற்குக் காப்புறுதிக் கம்பனியிடம் வைத்தியர்களும் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். அது எச்.ஆர். கிளாக்கின் வேலை அல்ல.

இரண்டாவது வாதம் சம்மதம். கையெழுத்து இருக்கிறதே என்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமும் ஆகாத பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சடித்த படிவத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தரச் சொன்னால், அது போடும் கையெழுத்தின் பெயர் சம்மதமா? மறுத்தால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. கேட்கவும் பயம். கூட இருக்கும் முப்பது பேரும் நிரப்புகிறார்கள். வீட்டில் கடன் இருக்கிறது. ஒரு பக்கம் வேலை தருகிறவர், மறு பக்கம் வேலை தேவைப்படுகிறவர் என்று இருக்கும் இடத்தில் கையெழுத்துக்கு முழு மதிப்புக் கொடுக்க முடியாது.

இதைச் சர்வதேசத் தொழில் தாபனம் என்றோ ஒத்துக்கொண்டுவிட்டது. தொழிலாளர்களின் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு 1997இல் அது வெளியிட்ட நடைமுறைக் கோவை, தொழிலாளர் தங்கள் அந்தரங்க உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று சொல்கிறது. அதாவது, விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை அவரிடமே இருக்கும். மருத்துவப் பரிசோதனை நடந்தாலும் முதலாளிக்குப் போக வேண்டியது குறிப்பிட்ட அந்த வேலை பற்றிய முடிவு மட்டும்; அந்த முடிவில் மருத்துவ விவரம் இருக்கக் கூடாது என்றும் அதே கோவை சொல்கிறது. அது கட்டாயச் சட்டம் அல்ல என்பது உண்மை. ஆனாலும் அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக உட்காரும் ஒரே உலகத் தாபனம் வெளியிட்ட வழிகாட்டல் அது.

"மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்?" இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நோய் ஒரு குற்றம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. நோயாளி எதையும் மறைக்கவில்லை. வைத்தியரிடம் சொல்கிறார், தாயிடம் சொல்கிறார், நம்பும் ஒருவரிடம் சொல்கிறார். யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமையைத்தான் அவர் கேட்கிறார். நம் ஊரில் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை எடுத்துச் சுகமானவரைக்கூட "நெஞ்சு வருத்தக்காரன்" என்று கல்யாணப் பேச்சில் தள்ளிவிடுகிறோம். வலிப்பு வந்த பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அங்கொடை என்ற ஊரின் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது மனநல வைத்தியசாலை. இப்படிப்பட்ட சமூகத்தில், ஒரே ஊரிலிருந்து ஒரே வேனில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு நடுவில், அலுவலகத்தில் தெரிந்தது லயத்துக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?

இதில் கெட்டுப்போவது மானம் மட்டுமல்ல, உடம்பும்தான். நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறவர் கிளெய்ம் போட மாட்டார். காப்புறுதி இருந்தும் கைக்காசு கட்டுவார், அல்லது வைத்தியரிடம் போவதைத் தள்ளிப் போடுவார். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த சலுகை, மிகவும் தேவைப்படும் வருத்தத்துக்குப் பயன்படாமல் போகும். காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் கிளெய்ம் போட்டுவிட்டு, மனநோய்க்கும் பால்வினை நோய்க்கும் கரு கலைந்ததற்கும் வாய் திறக்காமல் இருக்க வைக்கும் காப்புறுதியை நல்ல காப்புறுதி என்று எப்படிச் சொல்வது?

எல்லாம் உங்கள் நன்மைக்கே என்பது நான்காவது வாதம். இந்தச் சொல்லை மலையகம் புதிதாகக் கேட்கவில்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டது இந்த மலைகளில்தான். அதற்கு ஐந்து வருடங்களின் பின், கோப்பிக் காலத்திலேயே, 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. நோயுற்ற கூலியாளைப் பார்க்கும் கடமை தோட்டத்தின் மேல் விழுந்தது. அது நல்ல காரியம். அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு. ஆனால் அதோடு ஒரு வழக்கமும் வேரூன்றியது. மருந்து கொடுப்பவர் தோட்டத்தின் சம்பளக்காரர். நோயாளியின் பதிவும் தோட்டத்தின் சொத்து. டிஸ்பென்சரியிலிருந்து சுகவீனத் துண்டு வராவிட்டால் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில் காரணம் சொல்ல முடியாது. யாருக்கு என்ன வருத்தம் என்பது துரைக்கும் கிளாக்கருக்கும் கங்காணிக்கும் தெரிந்த விடயமாகவே இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி உடம்பைச் சோதித்து அனுப்பியதிலிருந்து தோட்டக் கல்லறை வரை, இந்த மக்களின் உடல் பற்றிய ஏடு எப்போதும் வேறொருவர் கையில்தான் இருந்தது.

அந்த ஏடு பெண்களுக்கு என்ன செய்தது என்று தாய்மார்களிடம் கேளுங்கள். கர்ப்பம் எந்த மாதம், எத்தனையாவது பிள்ளை என்பதெல்லாம் தோட்டத்துச் சம்பளம் வாங்கும் மருத்துவமாதின் பதிவில் இருந்தது. எல்.ஆர்.டி. என்று நம் பெண்கள் சொல்லும் நிரந்தரக் கருத்தடை, நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப் பகுதியில் கூடுதலாக இருந்ததை அரசின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடுகளே காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணும் வற்புறுத்தப்பட்டாள் என்று நான் சொல்லவில்லை; விரும்பிச் செய்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் வேலை தருகிறவருக்கே தன் கருப்பையின் கணக்கும் தெரியும் என்ற நிலையில், அவள் சுதந்திரமாக முடிவெடுத்தாள் என்று உறுதியாக யார் சொல்ல முடியும்?

தொழிலாளியைப் பற்றிய தாள் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதையும் நாம் அனுபவித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை எழுதிய "துண்டு" வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் எதிர்த்துப் போராடியதன் பலனாக 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதில் எழுதியிருந்தது கடன். இன்றைக்கு எழுதப்படுவது நோய். தொழிலாளியின் தலைக்கு மேலால் பேசிக்கொள்ளும் வல்லமை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுத்தவர்களை விசாரித்துப் பார்க்கட்டும். நம் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் இதில் அடக்கம். வளைகுடா நாடுகள் அங்கீகரித்த நிலையங்களில்தான் பரிசோதனை. முன்பு காம்கா என்றார்கள், இப்போது வாஃபித். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை. முடிவு ஒரு பொதுக் கணினித் தொகுப்பில் ஏறுகிறது. ஓரிடத்தில் "அன்ஃபிட்" என்று விழுந்தால் இன்னொரு நிலையத்துக்குப் போய்ப் பயனில்லை. காசநோய் பூரணமாகச் சுகமாகி, எக்ஸ்ரேயில் பழைய தழும்பு மட்டும் இருந்தாலும் அன்ஃபிட் விழுகிறது. காற்றோட்டமில்லாத லயக் காம்பராவில் குடியிருந்ததால் வந்த நோய், அரச கிளினிக்கில் மாத்திரை எடுத்துத் தீர்த்த நோய், வாழ்நாள் முழுவதும் கதவை அடைக்கிறது. இது விசா விதி, காப்புறுதி விதி அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேலை கொடுப்பவருக்காகச் சேர்க்கப்பட்ட உடல்நலத் தரவு தொழிலாளியை எப்படித் துரத்தும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நம்மிடம் இல்லை.

காப்புறுதியின் பெயராலேயே நடந்ததைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் முதலாளி வழியாகத்தான் வருகிறது. 2013இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்கு ஓர் உடல்நலக் கேள்விக்கொத்தைக் கொடுத்தது. நிரப்பாதவர் மாதம் 100 டொலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கர்ப்பமாகும் எண்ணம் உண்டா என்பதும் கேள்விகளில் ஒன்று. பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள்; அந்த அபராதம் நிறுத்தப்பட்டது. 2018இல் மேற்கு வேர்ஜீனியாவின் அரச ஊழியர் காப்புறுதி, ஆசிரியர்களை ஒரு செயலியில் உடல்நலத் தரவுகளைப் பதியச் சொன்னது. மறுத்தால் மாதம் 25 டொலர் மேலதிகக் கட்டணம். சம்பளக் குறைவோடும் ஏறிவரும் காப்புறுதிச் செலவோடும் இதுவும் சேர்ந்தது. எதிர்ப்பைத் தாங்க முடியாமல் செயலித் திட்டம் கைவிடப்பட்டது. அந்த பெப்ரவரியில் மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், அமெரிக்கக் குடிமக்கள் வேண்டாம் என்று எதிர்த்து நின்ற ஒன்றை, நம் பிள்ளைகள் மட்டும் நன்றியோடு வாங்கிக்கொள்ள வேண்டுமா?

அப்படித் தரவு சேர்த்து நடத்தும் "நலத் திட்டங்கள்" உடம்பையாவது தேற்றினவா என்றால், அதற்கும் விடை வந்துவிட்டது. ஒரு பெரிய அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2019 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. திட்டத்தில் இருந்தவர்களில் சிலர் உடற்பயிற்சி, உடல் எடை பற்றிக் கூடுதல் கவனம் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் பதினெட்டு மாதங்களின் பின் பார்த்தால் ரத்த அழுத்தத்திலோ, கொழுப்பிலோ, மருத்துவச் செலவிலோ, வேலைக்கு வராத நாட்களிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தரவைக் கொடுத்தால் நோய் குறையும், செலவு குறையும் என்ற வாக்குறுதி அங்கே நிறைவேறவில்லை.

இதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். உடல்நலத் தரவை அது தனிப் பாதுகாப்புத் தேவைப்படும் விசேட வகையாகப் பிரித்திருக்கிறது. சம்மதம் சுதந்திரமாகவும் விளங்கிக்கொண்டும் தரப்பட வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டு வந்த இந்தியச் சட்டத்தைவிட இந்த இடத்தில் நம்முடையது மேல். இந்தியச் சட்டம் உடல்நலத் தரவைத் தனியாகப் பிரிக்கவில்லை. வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குச் சம்மதமில்லாமலே தரவைக் கையாள இடமும் விட்டிருக்கிறது. ஆனால் நம் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, தள்ளி வைக்கப்பட்டன. வேலைவாய்ப்பு, சமூகப் பாதுகாப்புக் கடமைகளுக்குத் தேவையென்றால் உடல்நலத் தரவைக் கையாளலாம் என்று அதிலும் ஒரு வாசல் இருக்கிறது. நிர்வாகங்கள் அந்த வாசலால்தான் வரும். தேவை இருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்று நாம் கேட்டு வாங்காவிட்டால், சட்டம் புத்தகத்தில் இருக்கும், படிவம் மேசையில் இருக்கும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அரசின் கதவுகளைத் திறக்க வந்த 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம்கூட, ஒருவருடைய மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அதன் 5ஆம் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. அரச அலுவலகத்திடமிருந்து குடிமகன் கேட்டு வாங்க முடியாத ஒன்றை, தொழிலாளியிடமிருந்து முதலாளி உண்மையான சம்மதம் இல்லாமலே பெற்றுக்கொள்வது எந்த நியாயம்?

முதலாளிக்கு உடல்நிலை பற்றி ஒன்றுமே தெரியக் கூடாதா என்று கேட்டால், சில இடங்களில் தெரியத்தான் வேண்டும். பஸ் ஓட்டுபவருக்குக் கண் தெரிய வேண்டும். சமையலறையில் நிற்பவரிடம் தொற்று இருக்கக் கூடாது. தேயிலை மலையில் மருந்து அடிப்பவரை ஒழுங்காகப் பரிசோதிப்பது நிர்வாகத்தின் கடமை; அதைச் செய்யாத நிர்வாகத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். வேலைத்தலத்தில் விபத்து நடந்தால், 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி காயத்தின் விவரம் முதலாளிக்கு வந்தே தீரும். இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த வேலைக்குத் தகுதி, தகுதியில்லை, இன்ன பாரம் தூக்கக் கூடாது, இத்தனை நாள் ஓய்வு என்று வைத்தியர் எழுதும் முடிவு நிர்வாகத்துக்குப் போதும். நோயின் பெயர் வைத்தியரின் கோப்பில் இருக்கட்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. உடல்நலக் கேள்விகள் உள்ள படிவம் தொழிலாளியிடமிருந்து நேரே காப்புறுதிக் கம்பனிக்குப் போக வேண்டும். கிளெய்மும் அப்படியே. நிர்வாகத்துக்குத் திரும்பி வருவது மொத்தத் தொகை மட்டுமாக இருக்க வேண்டும். ஆள்வாரியாக இன்ன நோய்க்கு இவ்வளவு என்ற பட்டியல் வரக் கூடாது. படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். உடல்நலக் கேள்விக்குப் பதில் தராததால் வேலையோ சம்பளமோ பாதிக்கப்படாது என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் பழைய கோப்பு அழிக்கப்பட வேண்டும். சுகவீன லீவுக்குக் கொடுக்கும் மெடிக்கலில் நோயின் பெயர் எழுதும் வழக்கமும் போக வேண்டும்.

இவற்றை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாக நின்று கேட்க முடியாது. தொழிற்சங்கங்கள்தான் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சில் நாட்சம்பளத் தொகைக்கு அடுத்த வரியாக இதையும் எழுத வேண்டும். இதே ஹேவாஹெட்டயின் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதச் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில், 1940 ஜனவரி 10ஆம் திகதி தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அன்றைக்கும் அந்தக் கோரிக்கையைச் சின்ன விடயம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். சின்னது என்று விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றையும் திரும்ப வாங்க இந்த மக்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்திருக்கின்றன.

படித்த பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். காப்புறுதியை விடாதீர்கள், அது உங்கள் உழைப்பின் ஒரு பகுதி, யாரும் போடும் தானம் அல்ல. ஆனால் அடுத்த முறை படிவம் கைக்கு வரும்போது உடனே பேனாவை எடுக்காமல், இது யாருக்குப் போகிறது, எச்.ஆர். இதைப் பார்க்குமா, நேரடியாக அனுப்ப வழி இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்; பதிலையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். முதலாளி நம் நேரத்தையும் உழைப்பையும் விலைக்கு வாங்குகிறார். நம் நோயை அவருக்கு யாரும் விற்கவில்லை.